வலை பின்னும் கரங்களுக்கு ஒரு விளையாட்டு

(திரை வடிவமைப்புக் கலை பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரை)



கல்லூரியை இடையிலே விட்டுவிட்டு நாடக மேடைக்கு ஓடியவன் நான். அவனையே கல்லூரிக்கு அழைத்து வந்து பாடம் சொல்லச் சொல்கிறீர்கள். துணிச்சல்காரர்கள்தாம்! ஆயினும் உங்கள் கலையும் என் கலையும் அத்துணைத் தொலைவில் இல்லை. காண்போர் கண்ணை நாம் விரும்பும் பக்கம் திருப்புவதுதான் இரண்டுக்கும் தொழில். ஒரே வேறுபாடு, நாடகம் காண வருபவன் அது நாடகம் என்று தெரிந்தே சீட்டு வாங்குகிறான். கைப்பேசியைத் தொடுபவனுக்கோ திரைக்குப் பின்னே ஒருவன் நிற்பதே தெரியாது!

2010ஆம் ஆண்டில் ஹாரி பிரிக்னல் என்பவர் இத்தந்திரங்களுக்கு 'இருண்ட வடிவங்கள்' என்று பெயர் சூட்டினார். 2023 நவம்பரில் இந்திய நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இவற்றுள் 13 வகைகளைப் பட்டியலிட்டு நெறிமுறை வகுத்தது. பொய்யான அவசரம் காட்டிப் பதற வைப்பது, கேளாத பொருளைக் கூடையிலே நுழைப்பது, வேண்டாம் என்பவனை நாணவைப்பது, புகுந்த சந்தாவிலிருந்து வெளியேற விடாது அலைக்கழிப்பது என்று நீளுகிறது பட்டியல். மனப்பாடம் செய்து தேர்வும் எழுதலாம். எழுதியபின்?

அமேசான் நிறுவனத்தின்மீது 2023 ஜூனில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. சந்தாவை விலக்கிக்கொள்ள 4 பக்கங்கள், 6 சொடுக்குகள், 15 தெரிவுகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பது குற்றச்சாட்டு. அந்த வழிக்கு நிறுவனத்துக்குள்ளே வழங்கிய பெயர் என்ன தெரியுமா? 'இலியட்'! ட்ராய்ப் போரைப் பாடிய ஹோமரின் காவியம்! பெயரிட்டவருக்கு இலக்கியச் சுவை இருந்திருக்கிறது, இரக்கந்தான் இல்லை. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர உடன்பட்டு வழக்கு முடிந்தது. அப்பக்கங்களை வரைந்தவர்கள் அரக்கர்கள் என்று நான் எண்ணவில்லை. வலை பின்னுபவன் வலைக்கு வெளியே நிற்கிறான். அவன் கண்ணுக்கு நூல்தான் தெரியும், நெரிபடும் கழுத்து தெரியாது.

ஆகவேதான் விளையாட்டு வேண்டும் என்கிறேன். பெல்ஜியத்தின் பாகார் என்னும் வடிவமைப்பு நிறுவனம் 2019இல் 'யூசர் இன்யர்ஃபேஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவே! ஆனால் பெரிய பச்சைப் பொத்தானிலே 'இல்லை' என்றிருக்கும். விதிகளுக்கு இசைகிறேன் என்று குறியிடப் போனால், 'இசையவில்லை' என்றிருக்கும். நேரம் போகிறது என்று அறிவிப்பு வந்து விரட்டும். பழகிய விரல் படித்துப் பார்க்காமலே பாய்ந்து ஏமாறும். ஒரு வகுப்பு முழுவதும் பேசினாலும் வராத பாடம் அந்த எரிச்சலிலே வந்துவிடும்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். பாத்திரம் மாறி ஆடுங்கள். ஒருவர் பொறி வையுங்கள், ஒருவர் சிக்குங்கள், மூன்றாமவர் வாய் திறவாமல் விரல் தயங்கிய இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். என் நாடகத்தில் வட்டிக்கடைக்காரன் வேடமேற்ற தோழர் ஒருவர் சொன்னார்: "அண்ணே, மிரட்டும் வசனத்தைவிட, 'அவசரமில்லை ஐயா, ஒரு கைநாட்டு மட்டும்' என்று குழைகிறேனே, அதைச் சொல்லும்போதுதான் எனக்கே உடல் கூசுகிறது." அந்தக் கூச்சத்தைப் பொறி வைப்பவர் உணர வேண்டும். அன்று கட்டைவிரலில் மை இருந்தது. இன்று மையும் இல்லை.

ஏமாற்றுக் கலையைக் கற்றுக்கொடுக்கிறாயே என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. அதனால் அதிகம் பேரைச் சிக்க வைத்தவருக்கு மதிப்பெண் தராதீர்கள். பொறியைப் பெயர் சொல்லிச் சுட்டி, அதே பக்கத்தை நேர்மையாகத் திருத்தி வரைந்தவருக்கே தாருங்கள். நாளை மேலதிகாரி, "விலகும் பொத்தானைக் கொஞ்சம் மங்கலாக்கு" என்பார். அப்போது மறுக்கும் துணிவை எந்த விளையாட்டும் தராது. ஆனால் அவர் கேட்பது இன்னதென்று புரியவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

பேசியது போதும். படிவத்தைக் கொண்டுவாருங்கள், கடிகாரத்தை முடுக்குங்கள். முதலில் சிக்குபவன் நானாகவே இருக்கிறேன்.