காதுக்குள் இருக்கும் சங்கு



காது வலி இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. பத்து மீட்டர் ஆழம் இறங்கினால் காதின்மேல் அழுத்தம் இரண்டு மடங்காகும் என்பது திரேஸ்புரத்துச் சங்குகுளி மீனவர்களுக்கு உடம்பாலேயே தெரியும். முத்துக்குளிப்பு 1961-ஓடு ஓய்ந்தது. சங்குக்காக இறங்குவது ஓயவில்லை. அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்தால் டாக்டரால் அதை ஒட்டிவிட முடியும். நான் பேச வந்தது அதற்கும் உள்ளே இருக்கும் குறையைப் பற்றி. பிறக்கும்போதே கேட்காத பிள்ளைகளைப் பற்றி.

உட்காதில் காக்ளியா என்றொரு உறுப்பு இருக்கிறது. பட்டாணி அளவுதான். நீங்கள் கடலில் எடுக்கும் சங்கைப் போலச் சுருண்டு, சுமார் இரண்டரைச் சுற்றுச் சுற்றியிருக்கும். அதற்குள் சுமார் 3,500 மயிரணுக்கள் ஒலியை மின்துடிப்பாக்கி நரம்பிடம் சேர்க்கின்றன. அவை செத்துப்போனால் திரும்ப முளைப்பதில்லை. பாதிப்பு கடுமையாக இருந்தால், சத்தத்தைக் கூட்டித் தரும் ஹியரிங் எய்டும் கைகொடுக்காது.

இங்கேதான் காக்ளியர் இம்ப்ளாண்ட் வருகிறது. காதுக்கு வெளியே மைக்கும் குட்டிக் கணினியும். காயில் என்னும் காந்தம் பொருத்திய வட்டு தோலுக்கு மேலே ஒட்டிக்கொண்டு, உள்ளே பதித்த கருவிக்குச் சமிக்ஞை அனுப்பும். அந்தக் கருவியிலிருந்து புறப்படும் மெல்லிய மின்முனைக் கம்பி சுருளுக்குள் நுழைந்து, செத்த அணுக்களைத் தாண்டி நரம்பையே நேராகத் தூண்டும். 3,500 அணுக்கள் செய்த வேலையை 22 மின்முனைகளோ அதற்கும் குறைவானவையோ செய்கின்றன! அதனால்தான் அது நமக்குக் கேட்பதுபோல் கேட்பதில்லை. மீதியை மூளை கற்றுக்கொள்கிறது. அந்தக் கற்றல் முதல் மூன்று வயதுக்குள் வேகமாக நடக்கும். வயது ஏற ஏறக் கடினமாகும்.

தாய்மார்களே, “அவங்க மாமாவும் லேட்டாத்தான் பேசினான், பொறுத்துப் பாரு” என்று சொல்கிறவர்கள் பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பொறுமையில் கரைவது பிள்ளையின் மொழி. தூங்கும் குழந்தைக்குக்கூட வலியில்லாமல் ஓ.ஏ.இ., பெரா என்ற கேட்புச் சோதனைகள் செய்யலாம். சொந்தத்தில் கல்யாணம் முடித்தவர்கள், கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தையைப் பெற்றவர்கள், மூளைக்காய்ச்சலிலிருந்து பிள்ளையை மீட்டவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பிள்ளைக்குக் கேட்கவில்லை என்பதற்காகத் தாயைப் பழிக்கும் வாய்களை நான் இந்த மேடையில் கண்டிக்கிறேன். கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கும் இப்படிப் பிள்ளை பிறக்கும். அது யாருடைய பாவமும் அல்ல.

ஆபரேஷனுக்கு முன் ஸ்கேன் எடுத்து நரம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூளைக்காய்ச்சல் வராமலிருக்கத் தடுப்பூசி போடுவார்கள். காதுக்குப் பின்னால் கீறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்கு இந்தச் செலவை ஏற்கிறது. லட்சக்கணக்கில் ஆகும் சிகிச்சை ஓர் உப்பளத் தொழிலாளியின் மகளுக்கும் எட்டுவது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய காரியம்.

ஆனால் ஆபரேஷன் முடிந்த அன்றைக்குப் பிள்ளைக்கு எதுவும் கேட்காது. சில வாரங்கள் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். செல்போனில் வரும் வீடியோவில் குழந்தை சிரிக்கிறது; நேரில் பல குழந்தைகள் மிரண்டு அழும். அதன்பின் ஒவ்வொரு மின்முனைக்கும் அளவு பார்த்துத் திருத்தும் மேப்பிங், வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. கூலியை விட்டுவிட்டு வாரம் தவறாமல் பஸ் ஏறும் தாயால்தான் இந்தச் சிகிச்சை வெற்றி பெறுகிறது. அவளுக்கு ஊர் துணை நிற்க வேண்டும். வயரும் காயிலும் பழுதாகும். நம் உப்புக்காற்றில் ஈரம் ஏறும். வெளிக்கருவியைக் குளிக்கும்போது கழற்றி வைத்து, இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட வேண்டும்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. நரம்பே இல்லாத பிள்ளைக்கு இதனால் பயனில்லை. சைகை மொழி பேசும் பிள்ளை குறைந்த பிள்ளையும் அல்ல. பாளையங்கோட்டை பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி தலைமுறை தலைமுறையாக அப்படிப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைத்து அனுப்புகிறது.

உங்கள் தெருவில் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை இருந்தால், நாளைக் காலையிலேயே அந்த வீட்டாரோடு நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். பிறந்த தேதிச் சான்றும் குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும்.