போர்வீரர்க்குக் கூடிப் பேசலே மருந்து

(வில்லாபுரத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டாளத்தினின்று 40 வயதையொட்டி ஓய்வுபெற்று மீளும் நம்மவர்க்கு மாலையிடுகிறோம்; காவல் வேலையும் தேடித் தருகிறோம். அவ்வளவில் கடமை தீர்ந்ததென எண்ணுகிறோம். அவர் பேசாதிருப்பின் செருக்கென்கிறோம், குடிப்பின் ஒழுக்கக்கேடென்கிறோம், திருவிழா வெடிக்கு நடுங்கின் நகைக்கிறோம். அன்பர்களே! அது கோழைமையன்று, மனத்திற்பட்ட காயம்.

அதற்குச் சிகிச்சையுமுண்டு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமையடுத்த நார்த்ஃபீல்டு இராணுவ ஆஸ்பத்திரியில் 1942-43இல் பியன், ரிக்மன் என்னும் வைத்தியர்களும், பின்னர் ஃபூக்ஸ் என்பாரும், மனம் நொந்த வீரரைக் குழுக்களாகக் கூட்டிக் குணப்படுத்த முயன்றனர். வியத்நாம் யுத்தத்தினின்று மீண்ட அமெரிக்க வீரர் 1970இல் நியூயார்க்கில் தாமே கூடிப் பேசலாயினர்; ஷேட்டன், லிஃப்டன் என்னும் மனநல வைத்தியர் உடனமர்ந்தனர்.

இதன் நுட்பம் யாது? தாயிடத்தும் தாரத்தினிடத்தும் சொல்லொணாததைக் களங்கண்ட மற்றொருவனிடம் சொல்லலாகும். "உனக்குமா?" என அவன் கேட்டமாத்திரத்தில் தனிமை அகல்கின்றது. பிறனைத் தேற்றுவோன் தானுந் தேறுகின்றான்.

1987 முதல் 1990 வரை இலங்கையிலும், 1999இல் கார்கிலிலும் போரிட்டோர் தமிழகமெங்கும் உளர். நம் சங்க மண்டபமோ கலியாணமில்லா நாள்களிற் பூட்டிக் கிடக்கின்றது. மாதம் ஒரு மாலை அதனை அவர்க்கென ஒதுக்குவோம். எட்டுப்பேர் வரினும் போதும். மனநல வைத்தியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அங்குப் பேசியது வெளியே செல்லலாகாது. பதுங்குகுழியில் ஒருவரையொருவர் சாதி வினவாதவர்க்கு நாமும் சாதி வினவாது கதவைத் திறப்போமாக. இத்தீர்மானத்தை ஏற்குமாறு வேண்டி அமர்கின்றேன்.