நோய்க்கும் ஈடு வேண்டும்

(தோப்பும்படியில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2023 மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பிடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டு நாள் கொச்சியே புகையில் கிடந்தது. தீயணைப்புப் படையினர் இரவு பகலாகத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மண்வாரி இயந்திரக்காரர்கள் குப்பை மலையைக் கிளறிக் கொடுத்தார்கள். கிளறினால்தான் அடியில் கனலும் தீ அணையும். கிளறும்போதுதான் புகையும் அதிகம். பாராட்டினார்கள், சரி. பத்தாண்டு கழித்து நெஞ்சு இரைத்தால் யாரிடம் போவது? அதே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாதிக்கப்பட்டோரின் உடல்நலத்துக்கும் அதில் செலவிடச் சொன்னது. அதற்கு உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வந்தது.

ஈடு என்று வந்தால் அரசு முதலில் செத்தவர்களை எண்ணும். பிழைத்து நோயில் கிடப்பவர்களை எண்ணத்தான் அதற்குக் கை வராது. போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஊரை மூடியது. ரயில் நிலையத்தில் துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர் ஓடிவிடவில்லை. கோரக்பூர் வண்டியை நேரத்துக்கு முன்பே அனுப்பிப் பயணிகளைக் காப்பாற்றினார். அந்த வாயு தந்த நோயோடு வாழ்ந்து 2003இல் இறந்தார்.

1989இல் மத்திய அரசு 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அது பங்கானது. பெரும்பாலோருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். 2004க்குப் பிறகு இன்னொரு 25,000. வாழ்நாள் முழுதும் மூச்சுத் திணறியவர்களுக்கும் 'தற்காலிகப் பாதிப்பு' என்று முத்திரை! புற்றுநோய்க்கு 2 லட்சம் என்று அறிவிக்க 2010 ஆயிற்று. கூடுதல் ஈடு கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச் 14 அன்று தள்ளியது. பிரம்மபுரத்துப் புகை அடங்கிய மறுநாள் அது.

நியூயார்க்கிலும் எளிதில் கிடைக்கவில்லை. 2001இல் இரட்டைக் கோபுரம் விழுந்தபின் தூசி அள்ளியவர்களில் பிழைக்கப் போன கூலிகள் நிறைய. பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2011 தொடக்கத்தில் சட்டம் கையெழுத்தானது. புற்றுநோயைப் பட்டியலில் சேர்த்தது 2012இல். 2019இல் அதை 2090 வரை நீட்டினார்கள். நோய் தாமதமாக வரும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். அங்கே குடியுரிமைத் தாள் கேட்பதில்லை. ஆனால் அந்த இடத்தில் இருந்ததற்குச் சான்று வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள், கண்டவர்களின் சத்திய வாக்குமூலத்தைக் கொடுக்கலாம்.

நம்மிடம் என்ன சான்று இருக்கிறது? 2018 வெள்ளத்துக்குப் பிறகு வீடு வீடாகச் சேறு அள்ளினோம். மேஸ்திரி கூப்பிட்டார், போனோம். மாலையில் கூலி கைக்கு வந்தது, எந்தத் தாளிலும் நம் பெயர் ஏறவில்லை. 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் தரச் சொல்லியிருந்தது. வாத்துருத்தியில் அதைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்?

பேரிடர் வேலைக்குக் கூப்பிடும் நாளிலேயே அரசு ஒவ்வொருவர் பெயரையும் பதிய வேண்டும். ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை வேண்டும். பிந்தி வரும் நோய்க்குக் கெடு வைக்கக் கூடாது. இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறோம்.

வாசலருகே மேசையில் சங்க நோட்டு இருக்கிறது. வெள்ளத்திலும் புகையிலும் வேலை செய்தவர்கள் பெயர், நாள், இடம், உடனிருந்த இருவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்போம். ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டில் இருந்தால் அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள். பழசு என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.