ஓர் எழுத்தும் உள்ளத்துச் சமாதானமும்

சமாதானம் என்னுஞ் சொல் கிறித்தவ வேதாகமத்திற் பலவிடத்தும் பயில்வது. எபிரேயர் இதனை ஷாலோம் என்றனர். போர் ஒழிதல் மட்டுமன்று. குறைவின்மை, முழுமை, நலம் ஆகிய பொருள்களும் அச்சொல்லுள் அடங்கும். இச்சமாதானம் விசுவாசி ஏற்கெனவே பெற்றுவிட்ட பேறா, அன்றி நாள்தோறும் பேணிக் காக்கவேண்டிய பொருளா? இவ்வினாவிற்குக் கிறித்தவர் அனைவரும் ஒரே விடை கூறினாரல்லர். அவ்வேறுபாட்டின் ஒரு வேர் ஓர் எழுத்தின் மாத்திரையிலே கிடக்கின்றது.

கத்தோலிக்கர் சின்னப்பர் என நெடுங்காலம் வழங்கிய பவுலடிகளார், உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத் தொடக்கத்திற் கடவுளோடு கொள்ளும் சமாதானத்தைப் பேசுகின்றார். அங்கு வரும் கிரேக்க வினைச்சொல் 'எகொமென்' எனக் குறிலோடு நிற்பின், 'சமாதானம் உடையோம்' என்பது பொருள். 'எகோமென்' என நெடிலாயின், 'சமாதானம் உடையோமாகுக' என்பது பொருள். பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு என்பது அந்நிருபத்தின் இறுதி அதிகாரத்தாற் புலனாகும். அக்காலப் பேச்சில் இவ்விரண்டு ஒலிகளும் ஒன்றோடொன்று மயங்கத் தொடங்கியிருந்தன. ஏட்டுச்சுவடிகளில் ஒகரமும் ஓகரமும் மயங்கக் கண்ட தமிழருக்கு இவ்விடர் புதிதன்று. நான்காம் நூற்றாண்டினவாகிய சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் முதலில் எழுதப்பட்டது நெடிலே. பின்னர் அது குறிலாகத் திருத்தப்பட்டது.

கிரேக்கத் திருச்சபையின் நாவலராகிய யோவான் கிறிசோஸ்தோம் நெடிலையே கொண்டார். கடவுளோடு ஒப்புரவாக்கப்பட்டவன் மீண்டும் பாவஞ்செய்து பகை தேடலாகாது என்பது அவர் கண்ட கருத்து. மேலைத் திருச்சபை போற்றிய இலத்தீன் மொழிபெயர்ப்பும் அவ்வாறே அமைந்தது. சமாதானம் ஒழுக்கத்தாற் காக்கப்படவேண்டியதாயிற்று.

மார்ட்டின் லூதர் எர்பர்ட் நகர மடத்தில் நோன்பிருந்தார், செபித்தார், ஓயாது பாவசங்கீர்த்தனஞ் செய்தார். ஆயினும் அவர் மனச்சாட்சி அடங்கவில்லை. செய்தது போதுமா என்ற ஐயம் எஞ்சியே நின்றது. 1522இல் அவர் வெளியிட்ட ஜேர்மன் புதிய ஏற்பாட்டில், 'சமாதானம் உடையோம்' என்னும் பொருளே காணப்படுகின்றது. சமாதானம் மனிதனின் உணர்ச்சியில் அன்று, கடவுளின் வாக்குறுதியில் நிலைபெறுகின்றது என்பது அவர் போதனை. மனம் கலங்கினும் வாக்குறுதி கலங்காது. 1547இல் திரெந்துச் சங்கம் இத்தகைய உறுதியைக் கண்டித்தது. தான் அருள்நிலை பெற்றுள்ளதை எவனும் பிழைபடாத விசுவாச நிச்சயத்தோடு அறிய இயலாது என்று அது வரையறுத்தது. கடவுள்மீது உறுதியான நம்பிக்கை வைக்கவேண்டும் என்றும் கற்பித்தது.

இருசாராரும் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. பெற்றுவிட்டோம் என்பவன் அசட்டையில் வீழ்தல் கூடும். பேணவேண்டும் என்பவன் தன் குறைகளையே எண்ணியெண்ணித் துயிலிழத்தல் கூடும். எனினும் எழுத்துப்பற்றிய ஆராய்ச்சி சபை எல்லைகளுள் அடங்கி நிற்கவில்லை. சீர்திருத்தச் சபையாரே பெரும்பான்மையராயிருந்து திருத்திய 1881ஆம் ஆண்டு ஆங்கிலப் புதிய ஏற்பாடு 'உடையோமாகுக' எனக் கொண்டது. இக்காலத்துக் கத்தோலிக்க மொழிபெயர்ப்புகள் பலவோ 'உடையோம்' என்கின்றன. 1999இல் ஒக்ஸ்பேர்க் நகரில் லூதரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒப்பமிட்ட கூட்டறிக்கை இவ்வினாவையும் தொட்டது. தன் பலவீனத்தை நோக்குபவன் கவலைகொள்ளலாம். கடவுளின் வாக்கை நோக்குபவன் அதனை நம்பியிருக்கலாம் என்பதே அதிற் காணும் இணக்கத்தின் சாரம்.

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்திற் பவுலடிகளார் சமாதானத்தை மீண்டும் பேசுகின்றார். அறிவுக்கு எட்டாத அச்சமாதானம் இருதயத்தைக் காக்கும் என்கின்றார். அங்கு அவர் ஆளும் கிரேக்கச் சொல் படைவீரர் காவல்புரிதலைக் குறிப்பது. அதனை எழுதுங்கால் அவர் விலங்கு பூண்ட சிறையாளி. மனிதன் சமாதானத்தைக் காப்பதா என்று வினவியோருக்கு, சமாதானமே மனிதனைக் காக்கின்றது என்னும் விடையை அச்சிறையிலிருந்தே அவர் விடுத்தார்.