கல் சுமக்கும் ஆறுகள்

1837 ஜூலை 24 அன்று சுவிட்சர்லாந்தின் நெஷாதெல் நகரில் அந்நாட்டு இயற்கை அறிவியல் சங்கம் கூடியபோது, தலைமை உரை எதைப் பற்றி இருக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. தலைவர் லூயி அகாசி, புதைபடிவ மீன்களை ஆராய்ந்து ஐரோப்பா முழுதும் பெயர் வாங்கியவர். மீனைப் பற்றிப் பேசுவார் என்று உட்கார்ந்திருந்தவர்களிடம் அவர் கல்லைப் பற்றிப் பேசினார். யூரா மலை சுண்ணாம்புக்கல் மலை. அதன் சரிவுகளிலோ ஆல்ப்ஸுக்கே உரிய கருங்கற்கள் வீடு பெரிதாகக் கிடக்கின்றன. நடுவில் அகன்ற சமவெளி. அவற்றைத் தூக்கி வந்தது யார்? பெருவெள்ளம் என்பது அன்றைய அறிஞர் பலரின் நம்பிக்கை. பனியாறு என்றார் அகாசி. அவையில் சலசலப்பு, மூத்த நிலவியலாளர் லேயோபோல்ட் ஃபொன் பூக் தம் கோபத்தை மறைக்கவே இல்லை.

பனியுகக் கொள்கையின் கதையைப் பலரும் இந்த உரையிலிருந்துதான் தொடங்குவார்கள். அகாசிக்கு இது கொஞ்சம் அதிகப்படியான மரியாதை. கதையின் வேர் தெற்கே வாலே மாநிலத்தில், த்ரான்ஸ் ஆறு ஓடும் பாஞ் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ழான்-பியேர் பெரோதேன் என்ற வேட்டைக்காரர் அந்தப் பள்ளத்தாக்குக்காரர். பாறைகளைப் பனியாறுதான் இறக்கிவிட்டுப் போனது என்று 1815இலேயே சொன்னவர் அவர். உப்புச் சுரங்க இயக்குநர் ழான் த ஷார்பான்தியே அதைக் கேட்டுப் புன்னகைத்து விட்டுவிட்டார். நம்பியவர் மாநிலப் பொறியாளர் இக்னாட்ஸ் வெனெட்ஸ். பிறகு வெனெட்ஸ் ஷார்பான்தியேயை நம்பவைத்தார். ஷார்பான்தியே அகாசியை நம்பவைத்தார்.

வெனெட்ஸைப் பனியாற்றின் அருகே கொண்டு நிறுத்தியது ஓர் ஆற்றுப் பேரிடர். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததில் அடுத்த ஆண்டு ஐரோப்பா கோடையையே காணவில்லை. அந்தக் குளிராண்டுகளில் ஜியெத்ரோ பனியாறு முன்னேறி, உடைந்து விழுந்த பனிக்கட்டிகளால் த்ரான்ஸை அடைத்தது. அடைப்புக்குப் பின்னால் ஏரி பெருகியது. 1818இல் வெனெட்ஸ் ஆட்களைத் திரட்டிப் பனி அணைக்குள் சுரங்கம் வெட்டி, ஏரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வடித்தார். மிச்சத்துக்கு ஆறு காத்திருக்கவில்லை. ஜூன் 16 அன்று அணை உடைந்து, வெள்ளம் பள்ளத்தாக்கை வழித்துக்கொண்டு மார்த்தின்யி வரை போனது. சுமார் நாற்பது பேர் இறந்தனர்.

மலையாறுகள் பற்றிய கருத்தரங்கை நீரில் தொடங்காமல் கல்லில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஆல்ப்ஸ் என்றதும் ஐரோப்பாவின் நீர்த்தொட்டி என்ற பேச்சு வந்துவிடும். அதில் பிழையில்லை. ரைன் வடகடலுக்கும், ரோன் மத்தியதரைக்கடலுக்கும், தீச்சினோ போ ஆற்றின் வழியே அட்ரியாட்டிக்குக்கும் போகின்றன. லுங்ஹின் கணவாயில் பெய்யும் மழையில் ஒரு பங்கு இன் ஆற்றைப் பிடித்து டான்யூப் வழியே கருங்கடலையே சேர்கிறது. ஆனால் நீரை மட்டும் கணக்கிட்டவர்கள் ஆல்ப்ஸில் திரும்பத் திரும்ப ஏமாந்திருக்கிறார்கள். இங்கே ஆற்றின் பாதி வேலை சுமை தூக்குவது.

ரோன் ஆற்றையே எடுத்துக்கொள்ளலாம். ஃபுர்கா கணவாய்க்குக் கீழே பனியாற்றில் பிறந்து, வாலே மாநிலம் முழுதும் ஓடி, மார்த்தின்யியில் வெடுக்கென வடக்கே திரும்பி ஜெனீவா ஏரியில் விழுகிறது. ஒரு காலத்தில் சமவெளி முழுதும் கிளை பிரிந்து, சதுப்பும் மணல்மேடுமாக அலைந்த ஆறு. 1860 வெள்ளத்துக்குப் பிறகு, 1863இல் தொடங்கி 1894 வரை, இரு பக்கமும் கரை போட்டு அதை நேராக்கினார்கள். மீட்ட நிலத்தில் பழத்தோட்டமும் தொழிற்சாலையும் வந்தன. அடைபட்ட ஆறோ சரளையைப் பரப்ப இடமில்லாமல் தன் படுகையிலேயே போட்டு மேடேற்றியது. 1930 முதல் 1960 வரை இரண்டாம் திருத்தம்: கரையை உயர்த்தி, சரளையை வாரினார்கள். இப்போது நடப்பது மூன்றாவது.

இத்தனை திருத்தத்திலும் ஓரிடம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. லொய்க்குக்கும் சியெருக்கும் இடையில், ஜெர்மன் பேச்சு முடிந்து பிரெஞ்சு தொடங்கும் இடத்தில், ஃபின் என்ற பைன் காடு. அங்கே ரோன் இன்றும் பல கிளையாகப் பிரிந்து சரளைத் திட்டுகளுக்கு நடுவே ஓடுகிறது. திட்டுகளில் உப்புக்கொத்திகள் முட்டையிடுகின்றன. சூழல் ஆர்வலர்கள் காப்பாற்றிய இடம் என்று தோன்றும். காப்பாற்றியதில் பெரும்பங்கு இல்கிராபனுக்கு. இல்ஹார்ன் சிகரத்துக்குக் கீழே மலை உதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பிளவு அது. கோடையில் நல்ல இடிமழை பெய்தால் போதும், உதிர்ந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். முதலில் தரை அதிரும். பிறகு பாறைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒரு சுவர் போல முன்னால் வரும்; அதன் முதுகில், ஈரக் கான்கிரீட் பதத்தில் சேறு. ஒரே ஆண்டில் இப்படிப் பலமுறை. ரோனுக்குள் வந்து கொட்டும் இந்தச் சுமைக்கு எந்தக் கரையும் தாங்காது என்பதால்தான் பொறியாளர்கள் அந்த நீளத்தை விட்டுவைத்தார்கள்.

சுவிஸ் கூட்டாட்சியின் காடு, பனி, நிலப்பரப்பு ஆய்வு நிறுவனம் 2000 முதல் இல்கிராபனில் அளந்து வருகிறது. பாறைச் சுவர் கண்ணில் படுமுன்பே நில அதிர்வை உணரும் கருவிகளும், மேலே ஓடும் பெருக்கை எடைபோட ஆற்றடியில் பதித்த எஃகுத் தகடும் உண்டு. உலகில் மிகக் கவனமாகக் கண்காணிக்கப்படும் ஓடைகளில் ஒன்று. அதைக் கடக்க 2005இல் கட்டிய தொங்கு பாலத்துக்குப் பூட்டான் பாலம் என்று பெயர். மலையில் பாலம் கட்டத் தெரிந்த இரு நாடுகள் சேர்ந்து கட்டியது.

பாலம் என்றால் வாலேயின் பிரிக் நகரத்தைச் சொல்லாமல் முடியாது. 1993 செப்டம்பர் 24 அன்று சால்தினா ஓடை உருட்டி வந்த கற்கள் நகருக்குள் இருந்த பாலத்தில் சிக்கி அடைத்துக்கொண்டன. ஓடை தெருவைத் தன் படுகையாக்கிக்கொண்டது. கடைவீதி சேற்றில் புதைந்தது, இருவர் இறந்தனர். நீரின் அளவை விடக் கல்லுக்குப் போக வழியில்லாமல் போனதுதான் நகரைக் கெடுத்தது. நகரத்தார் பாடம் கற்ற விதம் அழகானது. பாலத்தைத் தூக்குப் பாலமாக மாற்றினார்கள். தூக்குவது மின்சாரம் இல்லை, வெள்ளமேதான்: ஓடை உயர்ந்தால் நீர் ஒரு தொட்டிக்குள் பாயும், தொட்டியின் பாரம் பாலத்தை மேலே இழுக்கும், கல் அடியில் போய்விடும். 2000 அக்டோபரில் சால்தினா மறுபடி பொங்கியபோது பாலம் எழுந்தது, நகரம் தப்பியது. வெள்ளத்தின் நடுவே மின்சாரம் இருக்கும் என்று நம்பாத அந்தப் பொறியாளர் புத்திசாலி.

கல்லை விட்டுவிட்டு நீரை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் இதே மாநிலம் காட்டுகிறது. 285 மீட்டர் உயரமுள்ள கிராந்த் திக்சான்ஸ் அணை 1961இல் முடிந்தது. செர்மாட் பக்கத்திலிருந்து தொடங்கி 35 பனியாறுகளின் நீரைச் சுமார் 100 கிலோமீட்டர் சுரங்கங்கள் அதற்கு இழுத்து வருகின்றன. சுரங்க வாயில்களில் நீர் உள்ளே போகும், தொட்டியில் தங்கும் மணலும் சரளையும் அவ்வப்போது ஓடைக்கே திருப்பித் தள்ளப்படும். அதைக் கீழே கொண்டுபோக வேண்டிய நீர்தான் அங்கு இல்லை. எரான் பள்ளத்தாக்கின் போர்ஞ் ஆறு அணை வந்த பிறகு மேடேறியது இப்படித்தான். குறைந்தபட்ச நீர்விடுப்பு பற்றிய விவாதங்களில் மீன் பேசப்படும் அளவுக்கு மணல் பேசப்படுவதில்லை.

கடைசியில் எல்லாம் ஏரிக்குப் போகிறது. அங்கேயும் ஆறு நிற்பதில்லை. மோர்ஜ் ஊர்க்காரரான ஃபிரான்சுவா-அல்ஃபோன்ஸ் ஃபோரெல், ஏரியியல் என்ற துறையையே உருவாக்கியவர். ஜெனீவா ஏரியின் தரையில் ஒரு பள்ளத்தாக்கு ஓடுவதற்கு அவர் காரணம் சொன்னார்: குளிர்ந்து, வண்டல் ஏறிக் கனத்த ரோன் நீர் ஏரியில் கலக்காமல் மூழ்கி, அடியில் ஓர் ஆறாகவே தொடர்கிறது.

பனி குறையும் வேகத்தில் இந்தச் சுமைக் கணக்கும் மாறுகிறது. சுவிஸ் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பனி விலகிய சரிவில் பிடிமானமற்ற கற்குவியல் மிஞ்சுகிறது. 2025 மே 28 அன்று வாலேயின் லொட்ஷன்டால் பள்ளத்தாக்கில், பாறை சரிந்து ஏறிய பாரத்தில் பிர்ஷ் பனியாறு இற்று விழுந்து பிளாட்டன் கிராமத்தை மூடியது. சுமார் 300 பேர் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர்; ஒருவர் இறந்தார். அடைபட்ட லோன்சா ஆறு ஏரியாகி, மிஞ்சிய வீடுகளையும் மூழ்கடித்தது. மார்த்தின்யியின் கதி எல்லோர் நினைவிலும் வந்திருக்கும். இம்முறை ஆறு குவியலின் மேலேறி மெல்ல வழி அறுத்துக்கொண்டது.

ரோனின் மூன்றாம் திருத்தம் கரைகளைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது. 2015 வாக்கெடுப்பில் வாலே மக்கள் அதற்கான நிதியை ஏற்றனர். நிலம் இழக்கும் உழவர்கள் இன்னும் ஏற்கவில்லை. 2024 மே மாதத்தில் மாநில அரசு திட்டத்தை மறுபரிசீலனைக்கு எடுத்தது. ஜூன் முடிவதற்குள் ரோன் சியெர், ஷிப்பி பகுதிகளில் கரை மீறித் தொழிற்சாலைக்குள் புகுந்தது. எவ்வளவு அகலம் போதும் என்ற கேள்விக்கு நீரியலாளர் ஓர் எண் தருவார், உழவர் வேறோர் எண் தருவார். படுகையில் ஆண்டுதோறும் சேரும் சரளையை அளந்தவரின் எண்ணையும் அவற்றின் பக்கத்தில் வைக்க வேண்டும். முதல் அமர்வு அந்த அளவீடுகளைப் பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.