கயாக் கவிழ்ந்தா திரும்ப ஏறுறது எப்படி?

கோவளம், முட்டுக்காடு, பிச்சாவரம்னு லீவு நாள்ல கயாக் ஓட்டப் போறவங்க நம்ம கேட்கறவங்கள்லயே நிறைய பேர் இருக்கீங்க. கரையில் என்ன சொல்லித் தர்றாங்க? துடுப்பை இப்படிப் பிடிங்க, அப்படித் திருப்புங்க, லைஃப் ஜாக்கெட் இருக்கு, பயப்படாதீங்க. பெரும்பாலும் அவ்வளவுதான்.

லைஃப் ஜாக்கெட் உங்களை மிதக்க வைக்கும். ஆனா படகுல ஏத்தி விடாது. அதுவும் சரியாப் போட்டிருந்தாத்தான் மிதக்கவே வைக்கும். பக்கத்துல இருக்கறவரை ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல இழுக்கச் சொல்லுங்க. ஜாக்கெட் காது வரைக்கும் வந்துச்சுன்னா, வாரை இறுக்குங்க.

நான் இன்னைக்குச் சொல்றது 'சிட் ஆன் டாப்' கயாக் பத்தி. அதாவது உள்ளே நுழையாம மேலேயே உட்காருற வகை. உள்ளே காத்து அடைபட்டிருக்கிறதால கவிழ்ந்தாலும் மிதக்கும்.

விழுந்ததும் முதல் வேலை, படகைப் பிடிக்கிறது. காத்து வீசினா காலி கயாக் நீங்க நீந்துற வேகத்தைவிட வேகமாப் போயிடும். முடிஞ்சா துடுப்பையும் பிடிச்சுக்குங்க. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா, படகுதான்.

அடுத்து படகை நிமிர்த்தணும். நடுப்பகுதிக்கு வந்து, கவிழ்ந்த அடிப்பக்கத்துக்கு மேல கையை நீட்டி, அந்தப் பக்க விளிம்பையோ கைப்பிடியையோ பிடிங்க. முழங்காலை உங்க பக்க விளிம்புல ஊன்றி, உடம்பைப் பின்னால சாய்ச்சு இழுங்க. உங்களை நோக்கித்தான் புரளும், தலை பத்திரம்.

ஏறுறதுலதான் பலரும் தோற்கிறாங்க. நீச்சல்குளச் சுவரில் ஏறுற மாதிரி செங்குத்தாத் தொங்கி எம்பினா, கால் படகுக்கு அடியில போயிடும். மொத்த எடையும் ஒரு விளிம்பை அழுத்தும். திரும்பவும் கவிழும். இன்ஜினியரிங் முதல் வருஷ 'டார்க்' கணக்குதான் இது, எழுதி மறந்திருப்போம்!

அதனால எம்பாதீங்க. ரெண்டு கையையும் படகு மேல வெச்சுட்டு, காலைப் பின்னால நீட்டி உதைச்சுக்கிட்டே இருங்க, உடம்பு தண்ணி மட்டத்துக்குப் படுக்கையா வர்ற வரைக்கும். வந்ததும் படகை வயித்துக்கு அடியில இழுங்க. நீங்க படகு மேல ஏறலை, படகை உங்களுக்குக் கீழே கொண்டு வர்றீங்க. இந்த நினைப்பு மாறினாலே பாதி வேலை முடிஞ்சது. தொப்புள் நடுக்கோட்டுக்கு வந்ததும் ஒரு நிமிஷம் அப்படியே மூச்சு வாங்குங்க. அப்புறம் புரண்டு உட்காருங்க. காலை உள்ளே எடுக்கிறது கடைசியில. தலை தாழ்வா இருந்தா படகு அவ்வளவா ஆடாது.

கூட இன்னொரு கயாக் இருந்தா, அவர் உங்க படகை ஒட்டி வந்து, அதுமேல சாஞ்சு இறுக்கிப் பிடிக்கட்டும். வேலை ரொம்பச் சுலபமாயிடும்.

மூணு தடவை முயற்சி பண்ணியும் முடியலையா? நிறுத்திடுங்க. தெம்பைச் செலவழிக்காம படகைப் பிடிச்சுக்கிட்டு விசில் அடிங்க, துடுப்பைத் தூக்கி ஆட்டுங்க. கரை பக்கத்துல தெரியுதேன்னு படகை விட்டுட்டு நீந்தாதீங்க. தண்ணியில தூரம் ஏமாத்தும். தனித் தலையைவிடக் கலர் படகுதான் தேடுறவங்க கண்ணுக்குச் சட்டுனு தெரியும். முகத்துவாரம் பக்கம்னா இன்னும் கவனம். வத்தம் நேரத்துல தண்ணி கடலை நோக்கி இழுக்கும்.

அடுத்த தடவை போறப்போ, கிளம்புறதுக்கு முன்னாடி, "மார்பளவு தண்ணியில ரெண்டு தடவை கவிழ்த்துப் பழகிக்கலாமாண்ணா?"ன்னு கைடுகிட்ட கேளுங்க. செருப்பு கழண்டுடும், சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், பழைய ஷூ போட்டுக்குங்க. போனை மட்டும் கரையிலயே விட்டுடுங்க.