தொலைபேசியில் வரும் வரி அதிகாரி

(சேத்தியாத்தோப்பில் விழா நாள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா நாளில் வரித்துறையைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானா என்று சிலர் எண்ணக்கூடும். வழிபாடு முடிந்து கடையைத் திறந்து கல்லாவில் அமரும் வணிகருக்கு அன்று வரும் முதல் தொலைபேசி அழைப்பே அவருடைய வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோகும் காலமாக இது ஆகிவிட்டது. ஆதலால் இப்பொருள் பேசப்பட வேண்டிய இடம் வணிகர் கூடியிருக்கும் இவ்விடந்தான்.

சேத்தியாத்தோப்பு பெரிய நகரமன்று. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையும், விருத்தாசலத்திலிருந்து புவனகிரி வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலையும் கூடுமிடத்தில் அமைந்த பேரூர். எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையின் கரும்புப் பணமும், வெள்ளாற்றுப் பாசனத்து நெல் பணமும் இவ்வூர்க் கடைவீதியில் புழங்குகின்றன. மேற்கே விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருப்போர் முதல், இங்கே அடகுக்கடை, நகைக்கடை, துணிக்கடை, உரக்கடை நடத்துவோர் வரை பலரும் இன்று ஜிஎஸ்டி எண்ணும் பான் அட்டையும் உடையவர்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்க, பெற்றோர் இருவர் மட்டும் கடையும் வீடுமாக வாழும் குடும்பங்கள் பல. மோசடிக்காரர் தேடும் வீடு இத்தகையதே.

அழைப்பு வரும் முறை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். முதலில் மரியாதையான ஒரு குரல். பெயரைச் சொல்லும், பான் எண்ணைச் சொல்லும், சில வேளை கடையின் முகவரியையும் சொல்லும். இவ்வளவும் தெரிந்தவன் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று கேட்பவர் எண்ணுகிறார். பான் எண் எத்தனை இடங்களில் நகலெடுத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்நேரத்தில் அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அடுத்து, கணக்கில் பெருந்தொகை மறைக்கப்பட்டுள்ளது, அல்லது அவர் பெயரில் வேறோர் ஊரில் ஒரு கணக்குத் திறக்கப்பட்டுக் கள்ளப்பணம் புழங்கியுள்ளது என்ற குற்றச்சாட்டு. அதன்பின் குரல் மாறுகிறது. மேலதிகாரி வருகிறார், பிறகு காவல் அதிகாரி, பிறகு நீதிபதி. இறுதியில், பணத்தை அரசின் கண்காணிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டால் சரிபார்த்துத் திருப்பித் தரப்படும் என்ற உறுதி. இவை அனைத்திற்கும் இடையில் தவறாமல் ஒரு கட்டளை வரும்: இதை யாரிடமும் சொல்லக் கூடாது.

அந்தக் கட்டளையில்தான் இம்மோசடியின் உயிர் இருக்கிறது. மற்றவை எல்லாம் வேடம்.

உண்மையான வரித்துறை எவ்வாறு பேசும் என்பதை அறிந்தால் வேடம் எளிதில் தெரியும். வருமான வரித்துறை எழுத்தில் பேசும். 2019 அக்டோபர் 1 முதல் அத்துறை அனுப்பும் நோட்டீசு, ஆணை, கடிதம் ஆகியவற்றில் கணினி வழங்கும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் விதி. அந்த எண்ணைத் துறையின் இணையதளத்தில் இட்டு, அக்கடிதம் மெய்யானதா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் கடவுச்சொல்லும் வேண்டியதில்லை. மறைமுக வரி, சுங்க வாரியமும் அதே ஆண்டு நவம்பரில் ஜிஎஸ்டி நோட்டீசுகளுக்கு இம்முறையைக் கொண்டுவந்தது. வரி பாக்கி என்று கோரிக்கை நோட்டீசு வந்தாலும், செலுத்துவதற்குப் பொதுவாக 30 நாள் அவகாசம் உண்டு. ஆடிட்டரைப் பிரதிநிதியாக அனுப்பச் சட்டமே இடங்கொடுக்கிறது. பணம் செல்வது சலான் வழியாக அரசின் கணக்குக்கு. தனி ஒருவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அன்று. சோதனையிட வருவோர் நேரில், ஆணைப் பத்திரத்துடன் வருவார்கள். கைது செய்ய வேண்டிய நிலை வந்தாலும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். கைபேசித் திரை வழியாக ஒருவரை அவர் வீட்டிலேயே கைது செய்துவைக்கும் ‘டிஜிட்டல் கைது’ என்பது இந்நாட்டின் எந்தச் சட்டத்திலும் இல்லை.

அதாவது, மெய்யான அதிகாரி அவகாசம் தருகிறார், எழுதித் தருகிறார், உடன் ஒருவரை அழைத்துவர விடுகிறார். பொய்யானவன் இம்மூன்றையும் மறுக்கிறான்.

வரி அதிகாரியாக நடித்து அச்சுறுத்தும் இத்தொழில் இந்நாட்டிலிருந்து முதலில் கடல் கடந்த மக்கள்மீது பெரிய அளவில் ஏவப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2016 அக்டோபர் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் தாணே காவல்துறையினர் மீரா ரோடு பகுதியிலிருந்த கால் சென்டர்களுக்குள் இரவில் நுழைந்தனர். அங்கே நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அமெரிக்கப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு, அமெரிக்க வருமான வரித்துறையினர் என்று சொல்லி, அந்நாட்டு மக்களைத் தொலைபேசியில் மிரட்டிக்கொண்டிருந்தனர். பேச வேண்டியது முழுவதும் தாளில் எழுதித் தரப்பட்டிருந்தது. வரி கட்டாவிட்டால் கைது என்று சொல்லி, பரிசு அட்டைகளை வாங்கச் செய்து, அவற்றின் எண்களைக் கேட்டுப் பெற்றுப் பணமாக்கினர். அதே மாத இறுதியில் அமெரிக்க நீதித்துறை, அகமதாபாத்தைச் சேர்ந்த கால் சென்டர்கள் உட்பட ஐந்து நிறுவனங்கள்மீதும் 56 பேர்மீதும் இத்தகைய மோசடிக்காகக் குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. 2018 ஜூலையில் அவர்களுள் 21 பேருக்கு அங்கே தண்டனை விதிக்கப்பட்டது. அதிகபட்சம் 20 ஆண்டு சிறை. பல்லாயிரம் மைல் தொலைவிலுள்ள முதியவர் ஒருவர் அழுவதைக் காதில் கேட்டுக்கொண்டே, தாளிலுள்ள அடுத்த வரியை வாசித்த இளைஞர்கள் அவர்கள். பரிசு அட்டையின் இடத்தில் இன்று ஆர்டிஜிஎஸ் வந்திருக்கிறது. அமெரிக்கத் துறையின் பெயர் இருந்த இடத்தில் இந்தியத் துறைகளின் பெயர்கள் வந்திருக்கின்றன. தாளில் எழுதியது பெரிதும் மாறவில்லை.

படிப்பறிவு குறைந்தவரே ஏமாறுவர் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பிழை என்பதற்கு லூதியானா நிகழ்ச்சி ஒன்றே போதும். வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பெரிய நூற்பாலைத் தொழிலை நடத்துபவர். 2010இல் பத்மபூஷண் பெற்றவர். ஓஸ்வால் என்ற பெயருக்கு இவ்வவையில் அறிமுகம் தேவையில்லை. 2024 ஆகஸ்டு இறுதியில், தமது 82ஆம் வயதில், சிபிஐ அதிகாரிகள் என்று சொன்னவர்களிடம் அவர் சிக்கினார். அவர் பெயர் கள்ளப்பண வழக்கொன்றில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அந்நாளில் இருந்த ஸ்கைப் செயலியில் ஒளிப்படக் கருவியை அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லி, இரண்டு நாள் அவரைக் கண்காணித்தார்கள்; உறக்கத்திலும் அது தொடர்ந்தது. உச்ச நீதிமன்றம் போலவே ஓர் அறை திரையில் காட்டப்பட்டது. தலைமை நீதிபதியாக ஒருவன் நடித்து விசாரணை நடத்தினான். முத்திரையிட்ட ஆணை வாட்ஸப்பில் வந்தது. யாரிடமும் சொல்லலாகாது என்ற தடையும் இருந்தது. அவர் அனுப்பிய தொகை 7 கோடி ரூபாய்.

கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் அவருக்கு இல்லாமலில்லை. அவர்களுள் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க இயலாதபடி அவரைத் தனிமைப்படுத்தியதே மோசடிக்காரர் செய்த வேலை. ஆயினும் விஷயம் வெளிவந்து காவல்துறைக்கு விரைவில் சென்றதால் 5 கோடியே 25 லட்சம் ரூபாய் மீட்கப்பட்டது. குவாஹாட்டியில் இருவர் பிடிபட்டனர். அதைவிடப் பெரிது, அம்முதியவர் நடந்ததைத் தொலைக்காட்சி முன் தாமே எடுத்துரைத்தது. ஏமாந்ததை வெட்கமென்று கருதி மறைத்திருந்தால் பணமும் போயிருக்கும், நாடும் எச்சரிக்கை பெற்றிராது.

இங்கே, கேட்பதற்குச் சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வரி அதிகாரி என்ற சொல்லுக்கு ஒரு வணிகர் இத்தனை அஞ்சுவது ஏன்? கணக்கு முழுவதும் நேராக இருப்பவரும் அஞ்சுகிறார். சட்டம் சிக்கலானது, அறியாமல் ஏதேனும் பிழை நேர்ந்திருக்குமோ என்ற ஐயம் அவருக்கு. அந்த ஐயத்தை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தீர்த்துக்கொள்ள முடியும். ஆனால் மேசை அறையில் இரண்டாவது நோட்டு ஒன்று வைத்திருப்பவர் ஆடிட்டரிடமும் கேட்கமாட்டார், மகனிடமும் கேட்கமாட்டார். மோசடிக்காரன் சொல்லும் தொகை பொய்யாக இருந்தாலும், அவர் உள்ளத்திலுள்ள அச்சம் மெய்யானது. அவன் மிரட்ட வேண்டிய வேலையில் பாதியை அந்த நோட்டே செய்துவிடுகிறது.

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் அணுவிரதங்களுக்கு நேரும் அதிசாரங்களை, அதாவது வழுக்களை, ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. வாய்மைக்குரிய வழுக்களுள் ஒன்று கூடலேக கிரியை. பொய்யான ஆவணம் புனைதல். திருடாமைக்குரியவற்றுள் ஒன்று பிரதிரூபக வியவஹாரம். மெய்யானதைப் போன்ற போலியைக் காட்டி வணிகம் செய்தல். மற்றொன்று திருடப்பட்ட பொருளை வாங்கிக்கொள்ளுதல். இன்னொன்று விருத்த ராஜ்யாதிக்ரமம். அரசின் விதியை மீறிப் பொருளீட்டல். போலி முத்திரையிட்ட வாட்ஸப் ஆணை முதல் இரண்டிலும் அடங்கும். நான்காவதாகச் சொன்னது மோசடிக்காரனைவிட இரண்டாவது நோட்டு வைத்திருப்பவரையே அதிகம் சுட்டுகிறது.

மூன்றாவது வழு இளையோர் கவனிக்க வேண்டியது. ஒருவர் இழக்கும் பணம் மோசடித் தலைவனின் பெயரிலுள்ள கணக்குக்கு நேரே போவதில்லை. சில ஆயிரம் ரூபாய் கூலிக்குத் தம் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் பிறருக்குக் கொடுத்தவர்களின் கணக்குகளில் விழுந்து, நிமிடங்களில் பல கைகளுக்குப் பிரிந்துவிடுகிறது. கணக்கைக் கொடுத்தவர் மாணவராகவோ வேலையில்லாதவராகவோ இருப்பார். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்பார். காவல்துறை முதலில் வந்து நிற்பது அவர் வீட்டு வாசலில்தான். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வற்புறுத்தப்பட்டனர். அவர்களுள் 13 பேர் அவ்வாண்டு அக்டோபரில் சென்னைக்கு மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். அழைக்கும் குரலுக்கு உரியவனும் சில வேளை சிறைப்பட்டவனே என்பதை அச்செய்தி காட்டியது.

மத்திய உள்துறை அமைச்சகத்தின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையக் கணக்கின்படி, 2023இல் சைபர் மோசடிகளால் நாட்டு மக்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024இல் அது 22,845 கோடி. எல்லாவகை மோசடிகளும் சேர்ந்த தொகை இது. சொல்லாமல் மறைத்தவர்களின் இழப்பு இதில் சேரவில்லை.

இனி, வீட்டிலும் கடையிலும் நடக்க வேண்டியவை. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியுடன் நெடுநேரம் அறையில் இருக்கும் பெரியவரைக் கண்டால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று உள்ளே சென்று கேட்க வேண்டும். வைப்பு நிதியை முதிர்வுக்கு முன் முறித்து, அறியாத ஊரிலுள்ள கணக்குக்கு மொத்தமாக அனுப்பச் சொல்பவரிடம் வங்கி ஊழியர் காரணம் கேட்பதைச் சிலர் அவமதிப்பாகக் கருதுகிறார்கள். அக்கேள்விக்கு ‘மனை வாங்குகிறேன்’ என்று சொல்லுமாறு மோசடிக்காரர்கள் முன்பே கற்பித்து அனுப்புவதும் உண்டு. ஆதலால் ஊழியர் இரண்டாம் முறை கேட்டாலும் தகும். ஏமாந்துவிட்ட பெரியவரை, ‘இவ்வளவு படித்தும் இப்படியா’ என்று பிள்ளைகள் கேட்கும் கேள்வி, அடுத்த வீட்டில் சிக்கியிருக்கும் மற்றொரு பெரியவரையும் வாய்மூட வைக்கும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே அழைக்க வேண்டிய எண் 1930. முதல் சில மணி நேரத்தில் அழைத்தால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை நிறுத்திவைக்கச் செய்ய முடியும். அழைக்கும்போது வங்கிக் கணக்கு எண், அனுப்பிய தொகை, நேரம், வங்கி தரும் பரிவர்த்தனை எண், மோசடிக்காரனின் தொலைபேசி எண் ஆகியவை கையில் இருக்க வேண்டும். வாட்ஸப் உரையாடலை அருவருப்பினால் அழித்துவிடக் கூடாது, அதுவே சான்று. பிறகு தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகாரைப் பதியலாம். கடலூரிலுள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் செல்லலாம். நிறுத்திவைக்கப்பட்ட பணம் கைக்கு வர நீதிமன்ற ஆணை தேவைப்படலாம். அதற்கு மாதங்கள் ஆவதும் உண்டு. வரித்துறையின் பெயரில் வந்த அழைப்பில் பணம் போகாவிட்டாலும், அந்த எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம்.